பனிக்காலக் காளானும் அதனை இனங்கண்ட வரலாறும்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சந்தைக்குச் செல்வோர் அனைவரும் கண்டிருக்கக் கூடிய பொருள் அது. வெண்ணிற நூற்கற்றையைப் போன்று, மெலிந்து நீண்ட தண்டுகளும் குண்டூசித் தலையளவே உள்ள குடைகளும் கொண்டு, நெகிழிப் பைக்குள் அடைபட்டுக் குளிர்பெட்டியில் கிடக்கும். ‘எனோக்கி’ என்னும் ஜப்பானியப் பெயராலும், ‘பொன்னூசிக் காளான்’ எனப் பொருள்படும் சீனப் பெயராலும் அதனை அழைப்பர். ஸ்டீம்போட் சட்டியைச் சுற்றி அமர்ந்து உண்போருக்கு அது நன்கு பழகிய பண்டம்.

இக்காளானின் குடும்பம் காட்டில் எவ்வாறு இருக்கும் என்று கேட்டால், வாங்குவோரில் பெரும்பாலோர் விடை கூறார். காட்டில் அது வெண்ணிறமுடையதன்று. நூல் போன்றதும் அன்று. தேனின் நிறமும் ஆரஞ்சின் நிறமும் கலந்த பளபளப்பான குடை அதற்குண்டு. தண்டு குட்டையானது, அடிப்பகுதி கரும்பழுப்பாய், மகமல் துணியைத் தொட்டாற்போல் மெத்தென்றிருக்கும். சந்தைக் காளானையும் காட்டுக் காளானையும் அருகருகே வைத்தால், இவை உறவுடையன என்று எவரும் சொல்லத் துணியார்.

துணிந்து சொல்வதற்கு அஞ்ச வேண்டிய காரணமும் உண்டு. அக்காட்டுக் காளான் முளைக்கும் அதே கட்டையில், ஏறக்குறைய அதே நிறத்தில், உயிரைக் குடிக்கும் நச்சுக் காளான் ஒன்றும் முளைக்கக் கூடும். ஆகவே இக்காளானை இன்னதென்று அறிவது வெறும் பொழுதுபோக்கன்று. மனிதர் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இம்முயற்சியில் ஈடுபட்டு வந்துள்ளனர். ஒரு காலத்தார் மரத்தை அடையாளமாகக் கொண்டனர். ஒருவர் தண்டைக் கண்டார். மற்றொருவர் வித்துத்தூளை ஆராய்ந்தார். நம் காலத்தார் உயிரணுவின் உட்பொருளையே படித்தனர். ஒவ்வோர் அடையாளமும் உதவியது. தனித்து நின்றபோது ஒவ்வொன்றும் தவறவும் செய்தது. அவ்வரலாற்றையே ஈண்டுக் காண்போம்.

மழையிலன்றிப் பனியில்

நமக்குக் காளான் என்றவுடன் மழைதான் நினைவுக்கு வரும். பழந்தமிழர் காளானை ஆம்பி என்றனர். மழை பெய்து ஓய்ந்த பின் மண்ணிலும் மட்கிய மரத்திலும் அது தோன்றுவதை அவர்கள் அறிந்திருந்தனர். இந்நாட்டில் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தோரும், பட்டுப்போன ரப்பர்க் கட்டைகளில் சிறு விசிறி போல் முளைக்கும் ‘செண்டாவான் குக்கூர்’ என்னும் காளானைக் கண்டிருப்பர். வெப்பமும் ஈரமும் இருந்தால் காளான் உண்டு என்பதே நம் அனுபவம்.

குளிர்நாடுகளில் நிலைமை வேறு. ஐரோப்பாவில் காளான் பருவம் இலையுதிர்காலம். முதல் உறைபனி விழுந்ததும் பெரும்பாலான காளான்கள் கருகிக் குழைந்து மறைந்துவிடும். அப்போதுதான் நம் கட்டுரைத் தலைவன் தலைகாட்டுவான். நவம்பர் முதல் மார்ச் வரை, எல்ம், வில்லோ, ஆஷ், பீச் முதலிய அகலிலை மரங்களின் பட்ட அடிக்கட்டைகளிலும், நலிந்த மரங்களின் காயங்களிலும் அது கொத்துக் கொத்தாய் முளைக்கும். ஆங்கிலேயர் அதற்கு ‘வெல்வெட்டுக் கால்’ என்று பெயரிட்டுள்ளனர். குளிர் மிகுந்த இரவில் அது கல்லைப் போல் உறைந்து போகும். பகலில் பனி இளகியதும் ஏதும் நேராதது போல் மீண்டும் உயிர்த்து, தன் வித்துகளைத் தூவத் தொடங்கும். பனிக்கட்டிப் படிகங்களைப் பற்றி நின்று அவை பெருகாமல் தடுக்கும் புரதம் இவ்வினக் காளானில் இருப்பதை அறிவியலார் கண்டுள்ளனர்.

ஆகவே பருவம் முதல் அடையாளம். மரக்கட்டையில் பனிக்காலத்தில் முளைக்கும் குடைக்காளான் மிகச் சிலவே. ஆயினும் பருவத்தை மட்டும் நம்புவது எத்துணைக் குழப்பம் தரும் என்பதற்கு நம் கடைத்தெருவே சான்று. சீன மளிகைக் கடையில் ‘தோங் கு’, அஃதாவது குளிர்காலக் காளான், என்று கேட்டால் கிடைப்பது உலர்ந்த ஷீத்தாக்கே, இக்காளான் அன்று. பருவத்தால் பெயரிட்டால் இரு வேறு பொருள்கள் ஒரே பெயரைத் தாங்கி நிற்கும். மேலும், பனிக்காலம் கடுமையாக இல்லாத ஆண்டுகளில் இலையுதிர்காலத்து நச்சுக் காளான்களும் நாள் கடந்து நிற்கும். நாட்காட்டியைப் பார்த்துக் காளானைப் பறித்தவன் ஏமாறுதல் கூடும்.

மரத்தை நம்பிய சீனர்

காளான் வளர்ப்பைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்று சீனத்தில் எழுந்தது. தாங் பேரரசின் இறுதிக் காலத்தை ஒட்டி, ஹான் ஏ என்பவர் உழவர்க்குரிய திங்கள்வாரிக் கையேடு ஒன்றை இயற்றினார். ‘நான்கு பருவங்களின் இன்றியமையாத குறிப்புகள்’ என்று அதன் பெயரைத் தமிழில் கூறலாம். இந்நூல் சீனத்தில் நெடுங்காலம் காணாமற் போயிருந்தது. 1590ஆம் ஆண்டில் கொரியாவில் அச்சிடப்பட்ட படி ஒன்று 1960இல் ஜப்பானில் கிடைத்த பின்னரே அறிஞர் அதனை முழுமையாகப் படிக்க முடிந்தது.

அந்நூல் கூறும் முறை எளியது. உளுத்துப்போன காகித முசுக்கொட்டை மரத்தையும் அதன் இலைகளையும் மண்ணில் புதைக்க வேண்டும். அரிசி கழுவிய கழுநீரை ஊற்றி ஈரம் காயாமல் காக்க வேண்டும். சில நாளில் காளான் தோன்றும். இன்னொரு முறையும் அதில் உண்டு. மரத்துண்டை நசுக்கிப் பாத்தியில் பரப்பி மண்ணிட்டு நீர் தெளிக்க வேண்டும். முதலில் முளைக்கும் சிறு காளான்களைப் பறிக்காமல் மண்ணோடு தள்ளிவிட வேண்டும். மறுநாள் முளைப்பதையும் அவ்வாறே செய்ய வேண்டும். மூன்றாம் முறை பெரிதாய் முளைப்பதை எடுத்து உண்ணலாம். இக்காளானின் பெயரை நூலாசிரியர் கூறவில்லை. எனினும், மரத்தையும் முறையையும் கொண்டு இது நம் பனிக்காலக் காளானே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர்.

இக்குறிப்பின் முடிவில்தான் நம் ஆராய்ச்சிக்குரிய செய்தி உள்ளது. முசுக்கொட்டை மரத்திலிருந்து பிறந்ததாதலின் இதனை உண்டால் தீங்கில்லை என்று ஆசிரியர் உறுதி கூறுகிறார். காளானை உண்ண அஞ்சிய மக்களுக்கு அவர் காட்டிய சான்று மரம் ஒன்றே. நல்ல மரத்தில் பிறந்தது நல்லது என்பது அக்கால நம்பிக்கை. குலத்தைக் கொண்டு குணத்தை மதிப்பதைப் போன்றது இது.

நம்பிக்கை முழுவதும் தவறன்று. தாமே புதைத்த கட்டையில், தாமே வளர்த்த காளானை எடுப்போர்க்கு அது பெரும்பாலும் பொருந்தியிருக்கும். காட்டுக்குச் செல்வோர்க்கோ அது போதாது. ஒரு கட்டையில் ஒரே காளான்தான் குடியிருக்க வேண்டும் என்னும் விதி இயற்கையில் இல்லை. பட்ட மரம் ஒரு சத்திரம் போன்றது. நல்லவரும் தீயவரும் ஒரே இரவில் அங்குத் தங்குவர். ஜப்பானியரும் இக்காளானுக்கு மரத்தின் பெயரையே இட்டனர். எனோக்கி என்பது அங்கு வளரும் ஒரு மரத்தின் பெயர்; அம்மரத்தில் தோன்றும் காளான் ‘எனோக்கிதாக்கே’ ஆயிற்று. ஆனால் அது அம்மரத்தில் மட்டுமே வளர்வதன்று. பெயர் வழிகாட்டுமேயன்றி முடிவு கூறாது.

இலண்டன் நகரத்து மருந்து வணிகர்

மேனாட்டில் இக்காளானுக்கு முறையான அறிவியற் பெயர் சூட்டியவர் வில்லியம் கர்ட்டிஸ். 1746இல் பிறந்த இவர் முதலில் மருந்து வணிகத் தொழிலைப் பயின்றவர். செடிகொடிகளின் மேல் கொண்ட காதலால் அத்தொழிலைக் கைவிட்டு, செல்சி மருந்துத் தோட்டத்தில் தாவரங்களை விளக்கிக் காட்டும் பணியை ஏற்றார். இலண்டனைச் சுற்றித் தாமாகவே வளரும் செடிகளையெல்லாம் வண்ண ஓவியங்களுடன் வெளியிட வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் அவா. ‘புளோரா லண்டினென்சிஸ்’ என்னும் அப்பெருநூல் 1777 முதல் 1798 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. படங்களுக்குக் கையாலேயே வண்ணம் தீட்டப்பட்டது. நூல் புகழைத் தந்ததேயன்றிப் பொருளைத் தரவில்லை. அவர் 1787இல் தொடங்கிய தாவரவியல் இதழ்தான் அவருடைய குடும்பத்தைக் காத்தது. அவ்விதழ் அவருடைய பெயராலேயே இன்றும் வெளிவருகின்றது.

அரிய செடிகளைத் தேடிக் கடல் கடந்து சென்றோர் மிகுந்திருந்த காலம் அது. கர்ட்டிஸ் தம் ஊரின் வேலியோரத்தில் கண்ட எளிய பொருள்களையே ஆராய்ந்தார். அவ்வாறு கண்டவற்றுள் ஒன்றே பனிக்காலக் காளான். 1782இல் அதற்கு ‘அகாரிக்கஸ் வெலூட்டிப்பெஸ்’ என்று பெயரிட்டார். அகாரிக்கஸ் என்பது, குடைக்கடியில் செவுள் போன்ற மடிப்புகளையுடைய காளான்கள் அனைத்திற்கும் சுவீடன் நாட்டு லின்னேயஸ் வழங்கிய பொதுப்பெயர். வெலூட்டிப்பெஸ் என்றால் வெல்வெட்டுக் கால் உடையது என்பது பொருள்.

கர்ட்டிஸ் குடையை விட்டுக் காலைத் தேர்ந்தெடுத்தது அவருடைய கூர்த்த மதிக்குச் சான்று. காளானின் குடை நாளொரு வண்ணம் காட்டும். மழையில் நனைந்தால் பிசுபிசுத்துப் பளபளக்கும். காற்றில் உலர்ந்தால் மங்கும். இளமையில் குவிந்திருக்கும், முதுமையில் விரிந்து தட்டையாகும். நடுவில் அடர்ந்து விளிம்பில் வெளிறிய நிறமும் நாளுக்கு நாள் வேறுபடும். தண்டின் கருமகமல் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. கொத்தைப் பெயர்த்து அடியைத் தடவிப் பார்த்தால் கையே அதனைக் கூறிவிடும்.

ஆனால் இவ்வடையாளத்திலும் ஒரு குறை உண்டு. மகமல் கீழிருந்து மேலாகப் படிப்படியே படர்வது. முளைத்துச் சில நாளே ஆன இளங்காளானின் தண்டு வெளிர்மஞ்சளாய் வழவழப்பாகவே இருக்கும். மென்மை கருதி உணவுக்காக மக்கள் விரும்பிப் பறிப்பதும் அவ்விளங்காளானையே. அடையாளம் தோன்றுமுன் ஆசை தோன்றிவிடுவதால் வரும் இடர் இது.

வித்துத்தூளின் நிறம்

சுவீடனில் 1794இல் பிறந்த எலியாஸ் ஃபிரீஸ் காளான் ஆராய்ச்சியின் தந்தை என்று போற்றப்படுபவர்களுள் ஒருவர். 1821இல் அவருடைய பெருநூலின் முதற் பகுதி வெளிவந்தது. செவுளுடைய காளான்கள் எண்ணிறந்தன. அவற்றை எவ்வாறு வகுப்பது என்பது அக்காலச் சிக்கல். ஃபிரீஸ் அவற்றின் வித்துத்தூளின் நிறத்தைக் கொண்டு வகுத்தார். வெண்மை, இளஞ்சிவப்பு, பழுப்பு, கருமையோடிய ஊதா என நிறங்கள் பலவாயின. கூட்டங்களும் அவ்வாறே அமைந்தன.

வித்துத்தூள் என்பது யாது? செடிக்கு விதை எவ்வாறோ, காளானுக்கு நுண்வித்து அவ்வாறு. ஒன்று கண்ணுக்குப் புலப்படாது. கோடிக்கணக்கில் உதிர்ந்து குவிந்தால் மெல்லிய மாவைப் போல் தோன்றும். அதனைக் காண விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. முதிர்ந்த காளானின் குடையைத் தண்டிலிருந்து அறுத்து, செவுள் கீழ்நோக்கும்படி ஒரு தாளின்மேல் வைத்து, காற்றுப் புகாமல் ஒரு கிண்ணத்தால் மூடி ஓர் இரவு விட்டுவிட வேண்டும். காலையில் எடுத்துப் பார்த்தால் செவுள்களின் கோலம் தூளாகத் தாளில் பதிந்திருக்கும். பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாள் இதற்குச் சிறந்தது. எந்த நிறத் தூளும் ஏதேனும் ஒரு பாதியில் தெளிவாய்த் தோன்றும். சில வேளைகளில் இயற்கையே இச்சோதனையைச் செய்து வைத்திருக்கும். அடுக்கடுக்காய் முளைத்த கொத்தில், மேற்குடையின் தூள் கீழ்க்குடையின்மேல் படிந்திருப்பதைக் காணலாம்.

வெல்வெட்டுக் கால் காளானின் தூள் வெண்ணிறமானது. குடை எவ்வளவு ஆரஞ்சு நிறமாக இருந்தாலும் தூள் வெண்மையே. இந்த ஓர் உண்மை எத்தனையோ உயிர்களைக் காக்க வல்லது. எவ்வாறு எனின், அதனுடைய நச்சு இரட்டையின் தூள் துருப்பிடித்த இரும்பின் பழுப்பு.

உயிர் குடிக்கும் இரட்டை

அந்நச்சுக் காளானுக்குக் ‘கேலெரினா மார்ஜினேட்டா’ என்று பெயர். மரக்கட்டையில் வளர்வது; தேன்பழுப்பு நிறக் குடையுடையது; சிறு கூட்டமாய் முளைப்பது; இலையுதிர்காலத்தில் மிகுந்து, குளிர்காலத் தொடக்கத்திலும் தென்படுவது. மேலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றே போல் தோன்றும்.

இதில் உள்ள நஞ்சு அமாடாக்சின் எனப்படுவது. உலகில் மிகுந்த உயிர்களைக் கொன்ற ‘சாவுக்குடை’க் காளானில் உள்ளதும் இதே வகை நஞ்சுதான். சமைத்தாலும் இது அழியாது. உண்ட உடனே எந்தக் கேடும் தோன்றாது, சுவையும் எச்சரிக்காது. ஆறு மணி நேரத்துக்குப் பின்னரே, பல வேளைகளில் அரை நாள் கழிந்த பின்னரே, வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். பின்னர் ஒரு நாளளவு நோய் தணிந்தது போல் தோன்றும். அந்த அமைதிக்குள்ளேயே நஞ்சு ஈரலை அழித்துக்கொண்டிருக்கும். நோயாளி மீண்டும் படுக்கையில் வீழும்போது மருத்துவர் செய்யக் கூடியது சுருங்கிவிடும்.

வேறுபாடு காட்டும் குறிகள் இல்லாமல் இல்லை. நச்சுக் காளானின் தண்டில் மெல்லிய வளையம் ஒன்று உண்டு. வெல்வெட்டுக் காலுக்கு வளையம் இல்லை. ஆனால் அவ்வளையம் பழம்புடைவைக் கரையினும் மெலிந்தது; மழையிலோ முதுமையிலோ உதிர்ந்துவிடும். வளையம் இல்லாமையை மட்டும் கண்டு நல்லதென முடிவு செய்தவன் அழிவைத் தேடிக்கொள்வான். இல்லாத ஒன்றைச் சான்றாகக் கொள்வது எங்கும் ஆபத்தே. தூளின் நிறமோ உள்ள ஒன்று. அதனைப் பொய்யாக்குவது கடினம். அதற்காக ஓர் இரவு பொறுத்திருக்கும் மனம் வேண்டும். பசியோடு பறிப்பவனிடம் இல்லாதது அதுவே.

மற்றொரு போலியும் உண்டு. கந்தகக் கொத்து எனத்தகும் மஞ்சட் காளான் அதே கட்டைகளில் முளைக்கும். அதன் செவுள்கள் பசுமை கலந்தவை; தூள் கருமையோடிய ஊதாப் பழுப்பு; சுவை கைப்பு. அதுவும் உண்ணத்தகாதது.

பெயர் பெற்ற பாடு

ஃபிரீஸ் வகுத்த கூட்டங்களை 1871இல் ஜெர்மானியராகிய பவுல் கும்மர் தனித்தனிப் பேரினங்களாக உயர்த்தினார். நம் காளான் அப்போது ‘கொல்லிபியா’ என்னும் பேரினத்தில் சேர்ந்தது. அங்கும் அதற்கு நிலையான இடம் கிடைக்கவில்லை. ஃபின்லாந்து நாட்டுப் பெட்டர் அடோல்ஃப் கார்ஸ்டன் 1891இல் ‘ஃபிளாமுலினா’ என்னும் புதிய பேரினத்தைப் படைத்தார். சிறுசுடர் என்பது அப்பெயரின் பொருள். வெண்பனிக்கிடையே கரிய கட்டையில் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் இக்காளானைக் கண்டோர் அப்பெயரின் பொருத்தத்தை மறுக்கார்.

கார்ஸ்டனின் பேரினப் பெயரையும் கர்ட்டிஸின் சிறப்புப் பெயரையும் இணைத்து இன்று நாம் வழங்கும் பெயரை நிலைநாட்டியவர் ரோல்ஃப் சிங்கர். ஜெர்மனியில் 1906இல் பிறந்த இவர், நாசிகளின் எழுச்சியால் தாய்நாட்டைத் துறந்து, ஸ்பெயின், பிரான்சு, லெனின்கிராடு என நாடு நாடாக அலைந்து, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தை அடைந்தார். பின்னர் அர்ஜென்டினாவின் துக்குமான் நகருக்குச் சென்றார். அங்கிருந்து 1951இல் வெளிவந்த அவருடைய பெருநூலில்தான் ‘ஃபிளாமுலினா வெலூட்டிப்பெஸ்’ என்னும் பெயர் இடம்பெற்றது. இலண்டன் வேலியோரத்தில் 1782இல் பெயர் பெற்ற காளானுக்கு, 169 ஆண்டுகளுக்குப் பின் தென்னமெரிக்க நகரொன்றில், நாடிழந்த ஓர் அறிஞரின் கையால் முழுப்பெயர் அமைந்தது.

இருட்டறை செய்த மாற்றம்

இனி, சந்தைக் காளானின் வெண்மைக்கு வருவோம். ஜப்பானின் கியோட்டோ நகரில் 1928இல் மோரிமோட்டோ ஹிக்கோசாபுரோ என்பவர், மரத்தூளும் தவிடும் கலந்து புட்டியில் நிரப்பி இக்காளானை வளர்க்கும் முறையை அமைத்தார். மரக்கட்டையையும் பருவத்தையும் எதிர்நோக்கி நிற்க வேண்டிய தேவை அதனால் நீங்கிற்று. பின்னாளில் குளிர்மிகுந்த நாகானோ மாநிலத்தில் இத்தொழில் பெருகியது.

புட்டியில் வெண்ணிழை முழுவதும் படர்ந்த பின் அறையைக் குளிரூட்டுவர். அதுவே காளானுக்குப் பனிக்காலம் வந்ததென்னும் அறிவிப்பு. முளை தோன்றியதும் வெப்பத்தை இன்னும் குறைத்து வளர்ச்சியை அடக்குவர். புட்டியின் வாயைச் சுற்றித் தாள் போன்ற பட்டையொன்றைச் சுற்றிவிடுவர். அப்பட்டைக்குள் கரியமில வாயு தேங்கும். கரியமில வாயு மிகுந்த இடத்தில் தண்டு நீளும், குடை விரியாது. வெளிச்சம் குறைவாதலின் நிறமும் ஏறாது. கட்டைக்குள் அடைபட்ட முளை காற்றைத் தேடி நீளும் இயல்பையே தொழிலாளர் இவ்வாறு பயன்படுத்திக் கொண்டனர். 1980களில் வெளிச்சம் பட்டாலும் நிறம் மாறாத தூய வெள்ளை வகைகளையும் ஜப்பானியர் உருவாக்கினர்.

உருவம் எவ்வளவு தூரம் சூழலின் படைப்பு என்பதற்கு இன்னுமொரு சான்று காட்டலாம். 1993இல் கொலம்பியா விண்வெளி ஓடத்தில் இக்காளானை வளர்த்துப் பார்த்தனர். பூமியில் தண்டு நேராக மேல்நோக்கி நிற்கும். அப்போதுதான் செவுள் கீழ்நோக்கி, வித்துகள் தடையின்றி உதிரும். ஈர்ப்பின் உணர்வற்ற விண்ணிலோ தண்டுகள் திசையறியாமல் கண்டவாறு வளைந்தன.

கடையில் பை கட்டி விற்கும் காளானை வாங்குவோர்க்கு இனங்காணும் கவலை இல்லை. ஆயினும் வேறொரு கவனம் வேண்டும். 2020இல் அமெரிக்காவில் இக்காளான் வழியாகப் பரவிய லிஸ்டீரியா கிருமியால் 36 பேர் நோயுற்றனர். அவர்களுள் நால்வர் மாண்டனர். கொதிக்கும் சாற்றில் ஒருமுறை தோய்த்தெடுப்பது போதாது. நன்கு வேகவைத்தே உண்ண வேண்டும்.

ஒன்று பலவானதும் பல ஒன்றானதும்

சிங்கர் சூட்டிய பெயரோடு கதை முடிந்தது என்று அறிவுலகம் எண்ணியிருந்தது. ஆனால் நுண்ணோக்கியைக் கொண்டு ஆராய்ந்தோர், வெல்வெட்டுக் கால் என்னும் ஒரே பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருப்பதைக் கண்டனர். 1977இல் ஒரு புதிய இனம் விளக்கப்பட்டது. அது மரத்தைவிட்டு, புல்வெளியில் வளரும் முட்செடி ஒன்றின் வேரில் வாழ்வது. 1983இல் நெதர்லாந்தைச் சேர்ந்த பாஸ் மற்றோர் இனத்தைப் பிரித்துக் காட்டினார். 1999இல் ரெட்ஹெட், பீட்டர்சன் ஆகியோர் வட அமெரிக்காவின் பாப்லர் மரங்களில் வாழும் ஓர் இனத்தையும், ரஷ்யாவின் பெயரைத் தாங்கிய ஓர் இனத்தையும் விளக்கினர். ஆய்வுக்கூடத்தில் இருவேறு காளான்களின் இழைகளை ஒரே தட்டில் வளர்த்து, அவை இணைகின்றனவா என்று பார்ப்பது அக்கால முறைகளுள் ஒன்று. ஓரினமாயின் இணையும், வேற்றினமாயின் விலகி நிற்கும்.

இறுதியில் மரபணுவைப் படிக்கும் முறை வந்தது. 2018இல் சீன ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு நம் சந்தைக்கே நேரானது. சீனம், ஜப்பான், கொரியா ஆகிய நாடுகளில் வளர்வதும் பயிரிடப்படுவதும் ஐரோப்பிய வெல்வெட்டுக் காலன்று. அது தனியினம் என்று அவர்கள் காட்டினர். ‘ஃபிளாமுலினா ஃபிலிஃபார்மிஸ்’, அஃதாவது நூல் வடிவானது, என்பது அதன் பெயர். நூற்றாண்டுக் காலமாக நூல்களிலும் அட்டைகளிலும் அச்சிடப்பட்ட பெயர் வேறொரு காளானுடையது என்பது அப்போதுதான் தெளிவாயிற்று. இரண்டும் நெருங்கிய உறவினரே, ஆனால் ஒருவரல்லர்.

இதற்கு நேர்மாறானதும் நிகழ்ந்தது. நச்சுக் காளானாகிய கேலெரினாவுக்கு அமெரிக்காவில் ஒரு பெயர், ஐரோப்பாவில் ஒரு பெயர் என ஐந்து பெயர்கள் வழங்கி வந்தன. 2001இல் அவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டவர்கள், ஐந்தும் ஓரினமே என்று முடிவு கூறினர். உண்ணத்தக்கது ஒன்றென எண்ணினோம்; அது பலவாயிற்று. கொல்லத்தக்கது பலவென எண்ணினோம், அது ஒன்றாயிற்று.

அறிய வேண்டுவது

இன்று ஐரோப்பியக் காட்டில் ஒருவர் இக்காளானை இனங்காண விரும்பினால், இவ்வரலாறு முழுவதையும் தம் கையில் கொண்டு செல்ல வேண்டும். பருவம் பனிக்காலமா? வளர்வது அகலிலை மரத்தின் கட்டையிலா? கொத்தாக உள்ளதா? குடை ஈரத்தில் பிசுபிசுக்கிறதா? செவுள் வெளிர்மஞ்சளா? தண்டில் வளையம் இல்லையா? அடி கருமகமலாய் உள்ளதா? எல்லாவற்றுக்கும் மேலாக, தாளில் விழுந்த தூள் வெண்மையா? இவற்றுள் ஒன்று மாறுபட்டாலும் மற்றவை கூறும் சாட்சியைத் தள்ளிவிட வேண்டும். அத்துடன் அனுபவமுடைய ஒருவரின் கண்ணும் வேண்டும். நூலறிவை மட்டும் நம்பிக் காளானை வாயிலிடுதல் அறிவுடைமையாகாது. இக்கட்டுரையை நம்பியும் அவ்வாறு செய்யலாகாது.

நம்மவர்க்கு இன்னும் ஒரு சொல். இது குளிர்நாட்டுக் காளான். நம் தாழ்நிலத்து வெப்பக் காடுகளிலோ தோட்டத்து ரப்பர்க் கட்டையிலோ தேன்நிறக் குடையொன்று கண்ணில் பட்டால், சந்தையில் வாங்கிய பழக்கத்தைக் கொண்டு அதனை எனோக்கியின் காட்டுவகை என்று கருதிவிடக் கூடாது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஹான் ஏ தம் உழவர்க்கு, நல்ல மரத்தில் பிறந்ததால் இது தீங்கு செய்யாது என்றார். கர்ட்டிஸ் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஃபிரீஸ் வழிவந்தோர் ஓர் இரவு பொறுத்திருக்கச் சொன்னார்கள். நம் காலத்தார் பெயரையே ஐயுறச் சொன்னார்கள். ஒருவர் சொல்லை மற்றவர் முற்றிலும் தள்ளிவிடவில்லை; அதனோடு தம் சான்றையும் சேர்த்தனர். எங்கும் காணப்படும் எளிய பொருளை அறிவதற்கே இத்தனை தலைமுறை வேண்டியிருந்தது. அடுத்த முறை சந்தையில் அந்த வெண்ணூற்கற்றையைக் கையில் எடுக்கும்போது, இருளில் வெளுத்த அச்சிறு தண்டுக்குப் பின்னால் பனியில் எரியும் ஒரு சிறுசுடர் உண்டு என்பதை நாம் நினைத்துக்கொள்ளலாம்.